12,34,56,789-ஐ அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒன்பது இலக்க எண் ஒன்றைக் கொடுத்து இதன் காரணிகள் என்ன, எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு, இது வர்க்கமா, பகா எண்ணா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நேராக வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கம் வகுத்தல், ஒரு காரணி கூடக் கிடைத்திருக்காது. கணக்கு தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது, வரிசை தெரியாததால் வருவது. அதனால் ஒரே ஒரு எண்ணை எடுத்து, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை செய்து காட்டுகிறேன். எண்: 12,34,56,789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது.

இந்த எண்ணை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பார்க்க விளையாட்டு எண் போல இருக்கும், ஆனால் வழக்கமான முறையில் போனால் ஆளைக் களைப்பாக்கிவிடும். சரியான இடத்தில் முறையை மாற்றினால் இரண்டே வரியில் உடையும்.

தொடங்கும் முன்

கோடு போட்ட நோட்டு, பேனா, 10 இலக்கமாவது காட்டும் கால்குலேட்டர். கடைகளில் கிடைக்கும் சின்ன கால்குலேட்டர்கள் பல 8 இலக்கம்தான் காட்டும், நம் எண் அதில் நுழையவே நுழையாது. கடைசி 9-ஐ அழுத்தியது பதியாமலே 1,23,45,678-ஐ வகுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

61 வரையிலான பகா எண்களை ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61. ஏன் 61-உடன் நிறுத்துகிறோம் என்பது ஆறாவது படியில் தெரியும். 51, 57 இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் நிறைய. இரண்டும் 3-ஆல் வகுபடும், சேர்க்காதீர்கள்.

1. காற்புள்ளி இல்லாமல் ஒருமுறை எழுதுங்கள்

123456789 என்று புள்ளியே இல்லாமல் எழுதுங்கள். அற்பமான வேலை மாதிரித் தெரியும். ஆனால் நாம் கோடி, லட்சம் என்று காற்புள்ளி போட்டுப் பழகியவர்கள், கீழே வரும் சோதனைகளுக்கோ எண்ணை வலமிருந்து மும்மூன்றாகவும் இரண்டிரண்டாகவும் வெட்ட வேண்டும். காற்புள்ளி கண்ணில் பட்டால் கை தானாக 12, 34, 56, 789 என்று வெட்டிவிடும், அது மூன்றும் இல்லை இரண்டும் இல்லை. நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

2. முதலில் 2, 5, 3

கடைசி இலக்கம் 9. ஆகவே 2-ம் இல்லை, 5-ம் இல்லை.

இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1 முதல் 9 வரை, 45. அது 9-ஆல் வகுபடுகிறது, எனவே எண்ணும் 9-ஆல் வகுபடும். (1 முதல் 9 வரையிலான இலக்கங்களை ஒவ்வொன்றாக எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டல் 45-தான். அப்படிக் கிடைக்கும் 3,62,880 எண்களில் ஒன்று கூடப் பகா எண்ணாக இருக்க முடியாது. யாராவது 'இந்த இலக்கங்களால் ஒரு பகா எண் எழுது' என்று பந்தயம் கட்டினால் பணத்தைக் கட்டாதீர்கள்.)

123456789 ÷ 9 = 13717421.

உடனே மீதமுள்ளதையும் சோதியுங்கள். 1+3+7+1+7+4+2+1 = 26. இது 3-ஆல் வகுபடாது. அப்படியானால் நம் எண்ணில் 3 சரியாக இரண்டு தடவைதான் இருக்கிறது. இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் போவது மிகச் சாதாரணமான தவறு. ஒரு காரணி கிடைத்துவிட்டால் அது இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். அடுக்கு ஒன்று தவறினால் பின்னால் வரும் எல்லா விடையும் தவறும்.

இனிமேல் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். வேலை எல்லாம் 13717421-இல்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் சிலர் திரும்பத் திரும்ப 123456789-ஐயே வகுத்துக்கொண்டிருப்பார்கள்.

3. 7, 11, 13: மூன்றுக்கும் ஒரே கழித்தல்

7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு, எனவே ஒவ்வொரு ஆயிரமும் −1 என்று நடந்துகொள்ளும். அதனால் எண்ணை வலமிருந்து மும்மூன்றாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்.

13 | 717 | 421. வலமிருந்து: 421 − 717 + 13 = −283.

குறியை விட்டுவிடலாம். 283-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் வகுத்தால் மீதி 8, 13-ஆல் வகுத்தால் மீதி 10. மூன்றும் இல்லை. எட்டு இலக்க எண்ணை மூன்று தடவை வகுக்க வேண்டிய இடத்தில் ஒரு கழித்தலோடு வேலை முடிந்தது.

எதிர்மறை எண் வந்ததும் பயந்து எண்களை மாற்றிப்போட்டு நேராக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தேவையில்லை. வகுபடுகிறதா என்று மட்டும்தானே கேட்கிறோம், குறி எதுவாக இருந்தால் என்ன?

4. 37-ம் 101-ம், அப்புறம் கொஞ்சம் கையால்

999 = 27 × 37. அதே மூன்று துண்டுகளை இப்போது கழிக்காமல் கூட்டுங்கள்: 421 + 717 + 13 = 1151. இதையும் மும்மூன்றாக வெட்டிக் கூட்டினால் 1 + 151 = 152. 37-ஆல் வகுத்தால் மீதி 4. இல்லை.

101-க்கு இரண்டிரண்டாக வெட்ட வேண்டும்: 13 | 71 | 74 | 21. வலமிருந்து 21 − 74 + 71 − 13 = 5. இல்லை.

17, 19, 23, 29, 31-க்கு இப்படிப்பட்ட சுலபமான வழி இல்லை. இருப்பதாகச் சொல்லும் குறுக்கு வழிகளை மனப்பாடம் செய்வதைவிட வகுப்பது வேகம் என்பது என் கட்சி. மீதிகள் வரிசையாக 2, 10, 14, 15, 14. ஒன்றும் பூஜ்யம் இல்லை.

5. இங்கே நிறுத்திவிட்டு வர்க்கமூலம் எடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பகு எண் எதுவாக இருந்தாலும் அதன் ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள் இருக்கும். 13717421-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. அதாவது இப்படியே 41, 43, 47 என்று ஏறிக்கொண்டே போனால், மோசமான நிலையில் 3703 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 500-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றால் கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் ஒரு மீதியைத் தவறாகப் படித்தால் தெரியவும் தெரியாது.

கீழிருந்து ஏறுவது சின்னக் காரணிகளைப் பிடிக்கும் வலை. முப்பது வரை வலை வீசியும் ஒன்றும் சிக்கவில்லை என்றால், ஒரு நிமிடம் எதிர்த்திசையிலிருந்து, அதாவது வர்க்கமூலத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் இரண்டுமே வர்க்கமூலத்துக்கு அருகில்தான் இருக்கும். அவற்றைக் கீழிருந்து தேடினால் கடைசியில்தான் கிடைக்கும், மேலிருந்து தேடினால் முதலிலேயே கிடைக்கும்.

இதற்கு ஃபெர்மா முறை என்று பெயர். எண்ணை அ² − ஆ² என்று எழுத முடிந்தால் அது (அ − ஆ)(அ + ஆ) என்று தானாகவே உடைந்துவிடும். அவ்வளவுதான் கருத்து. எட்டாம் வகுப்பு முற்றொருமை.

செய்யும் விதம்: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். வருவது முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று கூட்டித் திரும்பச் செய்யுங்கள்.

3704² = 13719616. இதிலிருந்து 13717421 போனால் 2195. முழு வர்க்கமா? 5-இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25-இல் முடியும், இது 95-இல் முடிகிறது. இல்லை.

3705² = 13727025. (புதிதாகப் பெருக்க வேண்டாம், 13719616-உடன் 3704-ஐயும் 3705-ஐயும் கூட்டினால் போதும்.) இதிலிருந்து 13717421 போனால் 9604. அது 98².

முடிந்தது.

13717421 = 3705² − 98² = (3705 − 98)(3705 + 98) = 3607 × 3803.

முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். 504-வது பகா எண்ணில் கிடைக்க வேண்டிய விடை இரண்டாவது முயற்சியிலேயே கிடைக்கிறது. இன்னும் கறாராகப் பார்த்தால் முதல் முயற்சி கூட வீண்தான். 13717421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் அ ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும், 3704-ஐத் தொடாமல் நேராக 3705-க்குப் போயிருக்கலாம்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, 3703-இல் தொடங்குவது. 3703² = 13712209, அது நம் எண்ணைவிடச் சிறியது, கழித்தால் எதிர்மறை வரும், வர்க்கமாக இருக்க வாய்ப்பே இல்லை. எப்போதும் மேல்நோக்கி முழுமைப்படுத்துங்கள். இரண்டு, கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்து 97.99999 என்று வருவதையும் 98 என்று வருவதையும் குழப்பிக்கொள்வது. சந்தேகம் வந்தால் 98-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள், வர்க்கமூலத்தை நம்பாதீர்கள்.

எத்தனை முயற்சிக்குப் பிறகு இந்த முறையைக் கைவிட வேண்டும்? நான் பத்து வரை போவேன். அதற்குள் சிக்கவில்லையென்றால் திரும்பக் கீழிருந்து 41-இல் தொடங்குவேன். (பெரிய எண்களை உடைக்க முடியாது என்ற நம்பிக்கையில் நிற்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் இரண்டு பகா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் இருந்தாலும் இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால் இதே முறை உடைத்துவிடும்.)

6. கிடைத்த இரண்டும் பகா எண்கள்தானா?

உடைந்த சந்தோஷத்தில் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். 3607-ம் 3803-ம் மேலும் உடையுமா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

3607-இன் வர்க்கமூலம் 60.06. ஆகவே 59 வரை பார்த்தால் போதும். 3803-க்கு 61.67, எனவே 61 வரை. ஓரத்தில் எழுதிய பட்டியல் இதற்குத்தான். உண்மையில் 31 வரையுள்ளவையும் 37-ம் 13717421-ஐ வகுக்கவில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம், அப்படியானால் அதன் காரணிகளையும் வகுக்காது. மிச்சம் 41, 43, 47, 53, 59, 61 மட்டும்.

3607-ஐ 41, 43, 47, 53, 59-ஆல் வகுத்தால் மீதிகள் 40, 38, 35, 3, 8.

3803-ஐ 41, 43, 47, 53, 59, 61-ஆல் வகுத்தால் மீதிகள் 31, 19, 43, 40, 27, 21.

பூஜ்யம் எங்கும் இல்லை. இரண்டும் பகா எண்கள். ஆக,

123456789 = 3² × 3607 × 3803.

3803-க்கு 59-உடன் நிறுத்துவது இங்கே வரும் வழக்கமான சறுக்கல். 61² = 3721, அது 3803-ஐவிடக் குறைவு. எனவே 61-ஐச் சோதித்தே ஆக வேண்டும்.

7. ஒரு நிமிடச் சரிபார்ப்பு

இனி வரும் எல்லா விடைகளும் மேலே உள்ள அந்த ஒரு வரியின் மேல் கட்டப்படுபவை. அதனால் ஒரு நிமிடம் செலவழியுங்கள்.

9-ஆல் சோதனை: 3607-இன் இலக்கக் கூட்டல் 16, அதாவது 7. 3803-க்கு 14, அதாவது 5. 7 × 5 = 35, அதாவது 8. 13717421-க்கு 26, அதாவது 8. பொருந்துகிறது.

ஆனால் இது மட்டும் போதாது. 3607-ஐ 3670 என்று மாற்றி எழுதியிருந்தாலும் இலக்கக் கூட்டல் அதேதான், சோதனை பல்லிளித்துக்கொண்டு சரி என்று சொல்லும். 11-ஆலும் பாருங்கள். வலமிருந்து மாற்றி மாற்றிக் கழித்தால் 3607-க்கு 7 − 0 + 6 − 3 = 10, 3803-க்கு 3 − 0 + 8 − 3 = 8. பெருக்கினால் 80, 11-ஆல் வகுத்தால் மீதி 3. 13717421-க்கு −8 வரும், 11 கூட்டினால் 3. சரி.

8. எத்தனை காரணிகள், எவை எவை

அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 = 12.

ஏன் ஒன்று கூட்டுகிறோம்? ஒரு காரணியில் 3 இல்லாமலே இருக்கலாம், ஒரு தடவை இருக்கலாம், இரண்டு தடவை இருக்கலாம். மூன்று வாய்ப்பு. மற்ற இரண்டு பகா எண்களும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம், தலா இரண்டு வாய்ப்பு.

பட்டியலை ஏறுவரிசையில் தேடாதீர்கள், கட்டாயம் ஒன்று விட்டுப்போகும். ஜோடி ஜோடியாக எழுதுங்கள்:

1 × 123456789
3 × 41152263
9 × 13717421
3607 × 34227
3803 × 32463
10821 × 11409

ஆறு ஜோடி, பன்னிரண்டு காரணி. எண்ணிக்கை பொருந்தினால்தான் அடுத்த படி.

9. காரணிகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகள் எல்லாவற்றையும் 1-இலிருந்து கூட்டி, பிறகு பெருக்க வேண்டும்:

(1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816.

முதல் அடைப்புக்குள் 1 + 9 = 10 என்று போடுபவர்கள் உண்டு, (1 + 3)² = 16 என்று போடுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. 13-தான்.

விடை நியாயமானதா என்று பார்க்க ஒரு வழி: 3607-ம் 3803-ம் பெரியவை, அவற்றால் விகிதம் பெரிதாக மாறாது. எனவே விடை நம் எண்ணைப் போல 13/9 மடங்குக்கு, அதாவது 1.444 மடங்குக்கு, ஒரு துளி மேலே இருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், 1.445 வரும். 16 போட்டிருந்தால் 1.78 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

எண்ணையே கழித்துவிட்டால் மற்ற காரணிகளின் கூட்டல் 5,49,66,027. இது எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண். சமமாக இருந்தால் நிறைவெண் (6, 28 போல), அதிகமாக இருந்தால் மிகை எண். ஒற்றைப்படை எண்களில் மிகை எண் அபூர்வம், முதலாவது 945-தான். நம் எண்ணில் 3-ஐத் தவிர சின்னப் பகா எண் எதுவும் இல்லை என்று தெரிந்த உடனேயே இது குறைவெண் என்று ஊகித்திருக்கலாம்.

10. சார்பகா எண்கள் எத்தனை

1 முதல் 123456789 வரை உள்ளவற்றில், நம் எண்ணோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? இதை ஆய்லர் சார்பு என்பார்கள்.

(9 − 3) × (3607 − 1) × (3803 − 1) = 6 × 3606 × 3802 = 8,22,60,072.

3²-க்கு 6 ஏன் என்றால், 9 வரை எண்ணும்போது 3, 6, 9 மூன்றும் கழியும், மிச்சம் ஆறு. 3 − 1 = 2 என்று எடுத்து அதை வர்க்கப்படுத்தி 4 போடுவதும், 9 − 1 = 8 போடுவதும்தான் வழக்கமாக நடப்பது. சரிபார்க்க: விடை எண்ணின் மூன்றில் இரண்டு பங்குக்கு (8,23,04,526) சற்றே கீழே இருக்க வேண்டும். இருக்கிறது.

11. வர்க்கக் கேள்விகள்

முழு வர்க்கமா, முழுக் கனமா? அடுக்குகள் 2, 1, 1. எல்லாம் இரட்டையாக இல்லை, எல்லாம் மூன்றின் மடங்காகவும் இல்லை. இரண்டும் இல்லை. காரணிப்படுத்திய பிறகு இதற்காக வர்க்கமூலம் எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எடுத்தால் ஒரு வேடிக்கை தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். வர்க்கமூலம் 11111.111 என்று வரும். 81 × 123456789 = 9999999909, அதாவது ஆயிரம் கோடிக்கு 91 குறைவு. ஆகவே வர்க்கமூலம் ஏறத்தாழ ஒரு லட்சத்தை 9-ஆல் வகுத்தது. ஆனால் ஏறத்தாழதான். 11111² = 123454321, நம் எண்ணுக்கு 2468 குறைகிறது.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் எண்ணா? 8-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். வருவது 987654313. எந்த வர்க்கமும் 3-இல் முடியாது. ஒரு வரியில் தீர்ந்தது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? இதில்தான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே முடியும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த விதி பகா எண்களுக்கு மட்டும். பகு எண்ணுக்கு, 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றின் அடுக்கும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 3-இன் அடுக்கு 2, பரவாயில்லை. 3607-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, அடுக்கு 1. அங்கேயே முடிந்தது. 3803-க்கும் அதே கதை. மீதி 3 தரும் இரண்டு எண்களைப் பெருக்கினால் மீதி 1 வந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் நல்ல எண் போலத் தெரியும். முடியாது என்பதுதான் விடை.

இரண்டு வர்க்கங்களின் கழித்தலாக? ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு காரணி ஜோடியும் ஒரு வழி தரும், மொத்தம் ஆறு. ஜோடியைக் கூட்டிப் பாதி, கழித்துப் பாதி. கடைசி ஜோடியை எடுத்தால் 11115² − 294². இதைப் பார்த்ததும் தோன்ற வேண்டும்: ஆரம்பத்தில் 9-ஐ எடுக்காமலே 11112-இல் தொடங்கி ஃபெர்மா முறையைப் போட்டிருந்தாலும் நான்காவது முயற்சியில் உடைந்திருக்கும். ஆனால் அது நம் அதிர்ஷ்டம், அதை நம்பி முதல் படிகளைத் தாண்டாதீர்கள்.

12. இரும முறையில் எழுதுவது

27 தடவை 2-ஆல் வகுக்க வேண்டாம். 16-ஆல் ஏழு தடவை வகுத்தால் போதும், ஏனென்றால் 16-ஆல் வரும் ஒவ்வொரு மீதியும் நான்கு இரும இலக்கங்கள். மீதிகள் கிடைக்கும் வரிசை: 5, 1, 13, 12, 11, 5, 7. கீழிருந்து மேலாக எழுதுங்கள்:

111 0101 1011 1100 1101 0001 0101

மீதி 1 வரும் இடத்தில் 0001 என்று எழுதாமல் வெறும் 1 என்று எழுதுவதுதான் இங்கே வரும் ஒரே பெரிய தவறு. இலக்கங்களை எண்ணுங்கள், 27 இருக்க வேண்டும். எண் 2-இன் 26-ஆம் அடுக்குக்கும் (6,71,08,864) 27-ஆம் அடுக்குக்கும் (13,42,17,728) நடுவில் இருப்பதால் 27-ஐத் தவிர வேறு வராது.

13. கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு

எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். நம் எண்ணை வர்க்கப்படுத்தினால் 17 இலக்கம்: 15241578750190521. எக்செல்லில் போட்டால் கடைசி 21 பூஜ்யங்களாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பைத்தானில் முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமமாகிவிடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

14. பழகிப் பார்க்க: திருப்பிப் போட்ட எண்

இப்போது 98,76,54,321-ஐ நீங்களே செய்யுங்கள். இதை வேண்டுமென்றே கொடுக்கிறேன், ஏனென்றால் இதில் ஃபெர்மா முறை காலை வாரிவிடும்.

9-ஆல் வகுத்தால் 109739369. ஆசையோடு நேராக மேலிருந்து இறங்கினால் 10476-இல் தொடங்கி 190005 வரை போக வேண்டியிருக்கும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள். கீழிருந்து போனால் 17-லேயே சிக்குகிறது: 6455257. இரண்டாம் படியில் சொன்னதை மறக்காதவர்கள் 17-ஐ இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்கள்: 379721. மறந்தவர்கள் 6455257 பகா எண்ணா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

379721-க்கு வர்க்கமூலம் 616.2. அதுவரையுள்ள பகா எண்களால் பார்த்தால் ஒன்றும் வகுக்காது, அது பகா எண். நூறுக்கும் மேற்பட்ட வகுத்தல் என்பதால் இந்த ஒரு இடத்தில் கணினியை நாடுவதில் வெட்கம் இல்லை. ஆக 987654321 = 3² × 17² × 379721. காரணிகள் 3 × 3 × 2 = 18.

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியையும் எடுத்துப் பாருங்கள். காரணிப்படுத்தலே தேவையில்லை: 123456789-ஐ எட்டால் பெருக்கினால் 987654312, திருப்பிப் போட்ட எண்ணுக்கு சரியாக 9 குறைவு. மீதி 9, அது 123456789-ஐ வகுக்கிறது, எனவே விடை 9.